இமையவரும் மனிதரும்: கீழிமை அறுவையின் வரலாறும் வேலூர் தந்த பாடமும்

நளவெண்பாவின் சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வர் நளனின் உருவெடுத்து அமர்கின்றனர். ஒரே தோற்றம் கொண்ட ஐவருள் மனிதன் யார் என்று தமயந்தி கண்டறியத் துணைநின்ற அடையாளங்களுள் ஒன்று கண்ணிமைப்பு. தேவர் இமைப்பதில்லை, அதனாலேயே தமிழ் அவர்களை இமையவர் என்றும் இமையோர் என்றும் அழைத்தது. தொல்காப்பியம் கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடி நேரத்தையும் மாத்திரையின் அளவாகக் கொண்டது. உடலின் மிகச் சிறிய அசைவு ஒன்றைக் காலத்தின் அலகாகவும் மனிதனின் அடையாளமாகவும் கருதிய மரபு இது. "கண்ணை இமை காப்பதுபோல" என்று இன்றும் பேச்சில் வழங்குவது அம்மரபின் எச்சமே.

இமையாத கண் தேவர்க்குச் சிறப்பு. மனிதர்க்கு அது நோய். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை நீக்கி முகத்துக்கு இளமை தருவதற்காகச் செய்யப்படும் கீழிமை அறுவையின் வரலாற்றை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அவ்வறுவையின் பின்விளைவுகளுள் பல, அறுவை அழகுக்கானதாக மாறுவதற்கு நெடுங்காலம் முன்பே மருத்துவத்துக்குத் தெரிந்திருந்தவை. இமை வேலை செய்யாவிட்டால் ஒரு மனித வாழ்வு என்னவாகும் என்பதைத் தமிழ் மண்ணில் மிகத் தெளிவாகக் கற்பித்தவர்களோ அழகு அறுவைக் கூடங்களுக்கு வந்தவர்கள் அல்லர். வேலூருக்கு வந்த தொழுநோயாளிகள்.

இமையைக் கத்தியால் திருத்துவது பழைய கலை. சுசுருத சம்கிதையின் உத்தரதந்திரம் கண்நோய்கள் 76 என்று வகுத்து, அவற்றுள் 21 நோய்களை இமைக்குரியனவாகக் காட்டுகிறது. இமைமயிர் உட்புறம் திரும்பி விழியை உராயும் நோய்க்கு அந்நூல் கூறும் அறுவை, அளவுகளால் ஆனது. புருவத்தின் கீழ் இரண்டு பங்கும் இமைமயிரை ஒட்டி ஒரு பங்கும் விட்டு, இடையே யவதானிய வடிவில் தோலை வெட்டி எடுத்து, மயிரால் தைக்க வேண்டும். மருத்துவன் கவனம் தவறாதவனாக இருக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்பதைப் போலவே எவ்வளவு விட்டுவைப்பது என்பதும் அங்கே விதியாக நிற்கிறது.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசில் வாழ்ந்த செல்சஸ் இதன் மறுபக்கத்தைப் பதிவு செய்தார். மேலிமைத் தோலை மிகையாக வெட்டிவிட்டால் கண் மூடாது. கிரேக்கர் அதனை முயற்கண் என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். முயல் கண்ணைத் திறந்தபடியே உறங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. குறைந்த தோல் சிறிதளவாயின் திருத்தலாம், பெரிதாயின் எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது என்று செல்சஸ் எழுதினார். கீழிமை தொங்கி வெளிப்புறம் பிறழும் நிலையையும் அதே இடத்தில் விளக்கினார். மருத்துவர்கள் இன்று லேகாஃப்தால்மோஸ் என்றும் எக்ட்ரோபியன் என்றும் வழங்கும் இவ்விரு சொற்களும் அந்தக் கிரேக்க மரபிலிருந்து வந்தவை.

இமைச் சீரமைப்பைக் குறிக்கும் பிளெஃபரோபிளாஸ்டி என்ற சொல்லுக்கு வயது 200 ஆண்டுகளே. ஜெர்மானிய அறுவையாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே 1818-இல் அதனை வழங்கினார். இந்திய முறையில் மூக்கை மறுபடி அமைப்பது பற்றிய செய்தி 1794-இல் இலண்டன் இதழொன்றில் வெளியாகி, ஐரோப்பிய அறுவையாளரிடையே பெரும் ஆர்வத்தை எழுப்பியிருந்த காலம் அது. கிரேஃபேயின் நூலே மூக்குச் சீரமைப்பு பற்றியது. இந்திய முறையையும் விவரிப்பது. அவர் கையில் அச்சொல்லின் பொருள் இழந்த இமையை மீட்டுக் கட்டுவது: புற்று அரித்த இமை, தீயில் சுருங்கிய இமை, காயத்தால் கிழிந்த இமை. கண் மூட வேண்டும் என்பதே அவ்வறுவையின் நோக்கம்.

நூறாண்டுகளுக்குள் சொல்லின் திசை மாறியது. சிகாகோவின் சார்லஸ் மில்லர் 1907-இல் முகக்குறைகளைத் திருத்துவது பற்றி நூல் எழுதினார். கண்ணைச் சுற்றிய தோல்மடிப்புகளை வெட்டி நீக்குவதும் அவர் செய்த அறுவைகளுள் ஒன்று. பாரிசில் சூசான் நோயெல் 1926-இல் அழகு அறுவையின் சமூகப் பங்கு பற்றி நூல் வெளியிட்டார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கான அறுவைப் பணியிலும் இருந்தவர் அவர். அவரிடம் வந்த பெண்கள் பலர் உழைத்துப் பிழைப்பவர்கள். முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே அழகு அறுவையை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது நோயெலின் வாதம். 1951-இல் காஸ்தனாரெஸ் கண்குழிக் கொழுப்பின் அறைகளைப் பிரித்து விவரித்தபின் கண்பையின் உடற்கூறு தெளிவாயிற்று. பை என்று கண்ணாடியில் தெரிவது பெரும்பாலும் புதிதாக வளர்ந்த எதுவுமன்று. விழிக்கு மெத்தையாக உள்ளே இருந்த கொழுப்பு, அதைத் தாங்கிய மெல்லிய சவ்வு தளர்ந்ததால் முன்தள்ளி நிற்பது.

இழந்த இமையை மீட்கப் பிறந்த சொல், இருக்கும் இமையிலிருந்து ஒரு பகுதியை எடுப்பதற்கும் பெயராயிற்று. இந்த மாற்றம் மேலைநாடுகளில் நிலைபெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், தமிழகத்தில் இமை பற்றிய வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைகளைத் தொடங்கினார். 1951-இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் அமைந்தது. 1955-இல் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. டாப்சோன் மருந்து வந்துவிட்ட காலம் அது. நோய்க்கிருமியை மருந்து அடக்கியது. கிருமி விட்டுச்சென்ற முகத்தை மருந்தால் மாற்ற இயலவில்லை.

கை திருந்திய நோயாளிகள் ஊர் திரும்பி, மறுபடியும் மருத்துவமனைக்கே வந்தனர். கை வேலை செய்தது. வேலை தருவார் இல்லை. புருவம் உதிர்ந்த நெற்றியும் சரிந்த மூக்கும் அவர்களுடைய நோயை ஊருக்கு அறிவித்துக்கொண்டே இருந்தன. நோயெலிடம் பாரிசுப் பெண்கள் சொன்னதையே இவர்களும் வேறு சொற்களில் சொன்னார்கள். தலைத்தோலின் ஒரு கீற்றை அதன் இரத்தக்குழாயோடு நெற்றித்தோலின் அடியில் செலுத்திப் புருவமாக அமைக்கும் அறுவை அங்கே செய்யப்பட்டது. அது தலைமயிர் ஆதலால் வளர்ந்துகொண்டே போகும், கத்தரித்துக்கொள்ள வேண்டும். அழகு அறுவை, செயல் அறுவை என்று பாடநூல் பிரித்துவைத்த கோடு வேலூரில் அழிந்தது. முகம் ஏற்கப்படுவதும் பிழைப்புக்கான தேவையே என்று அங்கிருந்தோர் ஏற்றுக்கொண்டனர்.

அதே நோயாளிகளின் இமை இன்னொன்றைக் கற்பித்தது. கன்னத்தில் தோன்றும் தொழுநோய்ப் படை அழற்சியுறும்போது, அவ்வழியே செல்லும் முக நரம்பின் கிளைகள் சேதமடையலாம். இமைகளைச் சுற்றியுள்ள வளையத் தசை அப்போது வலுவிழக்கிறது. கீழிமை தளர்ந்து தொங்குகிறது. பலருக்குக் கருவிழிப் படலத்தின் உணர்ச்சியும் மங்கிவிடும். இமைக்கச் சொல்லித் தூண்டும் எரிச்சல் எழாது. கண் திறந்தே கிடக்கும், காயும், புண்படும், அப்புண் வலிக்காது. பால் பிராண்டின் துணைவியும் கண் மருத்துவருமான மார்கரெட் பிராண்ட் இக்கண்களைத் தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். பார்வையிழப்பு யாருக்கும் துயரமே. விரல்நுனியில் உணர்ச்சியற்ற ஒருவருக்கு அது இரட்டை இருள். தொட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அவருக்கு முன்பே அடைபட்டிருக்கிறது.

இதற்கு ஒரு தீர்வாக அமைந்தது, நெற்றிப்பொட்டில் உள்ள மெல்லும் தசையின் ஒரு கீற்றை இமைகளின் ஊடே செலுத்தும் அறுவை. முகவாதத்துக்காக ஹெரால்டு கில்லிஸ் வகுத்த இம்முறையைத் தொழுநோயாளிகளின் கண்ணுக்கு ஏற்ப அறுவையாளர்கள் திருத்தினர். அறுவைக்குப்பின் நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். மற்றவர் எண்ணாமலே நிமிடத்துக்குப் பல முறை செய்யும் ஒன்றை இவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். கடி, மூடு, விடு என்று நாள்தோறும் பயில வேண்டும். இமைப்பு என்னும் செயலின் விலை இவ்வளவு என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வுக்கூடம் வேறொன்று இருந்திருக்க இயலாது.

இந்த அறிவைக் கையில் கொண்டு அழகுக்கான கீழிமை அறுவையின் பின்விளைவுகளைப் பார்த்தால், அவை சிதறிய பட்டியலாகத் தோன்றா. கீழிமையின் கடமைகள் மூன்று. மேலிமை இறங்கிவரும்போது அதனைச் சந்தித்துக் கண்ணை அடைப்பது ஒன்று. விழியின் மீது கண்ணீரைப் பரப்பித் தாங்குவது ஒன்று. மூக்கை ஒட்டிய சிறு துளை வழியாகப் பழைய கண்ணீரை வெளியேற்றுவது மற்றொன்று. தோல் மிகையாக வெட்டப்பட்டாலோ, கொழுப்பைத் தாங்கும் சவ்வு தழும்பாகிச் சுருங்கினாலோ, கடைக்கண் தசைநாண் முன்பே தளர்ந்திருப்பதை அறுவையாளர் கவனியாது விட்டாலோ, கீழிமை கீழே இழுபடும். முதலில் கருவிழியின் கீழே வெண்விழி சற்றுக் கூடுதலாகத் தெரியும். மிகுந்தால் இமை வெளிப்புறம் பிறழும். அப்போது கண்ணீர்த் துளை விழியை விட்டு விலகிவிடுவதால் கண்ணீர் கன்னத்தில் வழியும். அதே வேளையில் கருவிழிப் படலம் காயும். "கண் எப்போதும் ஒழுகுகிறது, ஆனால் வறண்டு எரிகிறது" என்ற முரணான முறையீட்டின் விளக்கம் இதுவே. தொழுநோயாளிக்கு நரம்பு செய்ததை இங்கே தழும்பு செய்கிறது.

இவற்றுள் சில தாமே சீராகின்றன. முதல் வாரங்களின் வீக்கம், கன்றல், விழிவெண்மையை மூடிய மென்படலத்தின் நீர்க்கோப்பு, சிறிதளவு வறட்சி ஆகியவை பெரும்பாலும் நாளடைவில் தணியும். தணியாதவையும் உண்டு. கொழுப்பை மிகையாக எடுத்தால் கண் குழிந்து, இளமை தேடிச் சென்றவர் மூப்போடு திரும்புவார். உட்புறக் கொழுப்பறைக்கும் நடுவறைக்கும் இடையே விழியைச் சுழற்றும் கீழ்ச்சாய்வுத் தசை செல்கிறது. அது காயப்பட்டால் காட்சி இரண்டாகத் தெரியும். தமிழர் முகங்களில் பரவலாகக் காணப்படும் கருவளையம் பலருக்கு நிறமியால் ஆனது. கொழுப்பை எடுப்பதால் நிறமி மறையாது. தவறான குறையை நோக்கிச் செய்த அறுவை, பின்விளைவு ஏதுமின்றி முடிந்தாலும் தோல்வியே.

இவை அனைத்தினும் அரியதும் கொடியதும் கண்குழிக்குள் ஏற்படும் இரத்தக்கசிவு. 2004-இல் வெளியான அமெரிக்க அறுவையாளர் கணக்கெடுப்பு ஒன்று, அழகுக்கான இமை அறுவைகளில் ஏறத்தாழ 2,000-இல் ஒன்றில் இது நேர்வதாகக் காட்டியது. நிலையான பார்வையிழப்பு அதனினும் பன்மடங்கு அரிது. எலும்பால் சூழப்பட்ட கண்குழி விரிய இயலாதது. உள்ளே இரத்தம் பெருகினால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் குருதி செல்வது தடைப்படும். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே 1980-இல் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், குரங்கின் விழித்திரை குருதியின்றிச் சுமார் 100 நிமிடம் வரையே மீளாச் சேதமின்றித் தாங்கியது. மனிதக் கண்ணுக்கு மருத்துவர்கள் கடிகாரம் பார்ப்பதற்கு அடிப்படையாக அமைந்த எண்களுள் அதுவும் ஒன்று.

அந்த 100 நிமிடத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். இடுக்கி மாவட்டத்தின் மாட்டுப்பட்டி, 1963-இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் கால்நடைத் திட்டத்தாலும் அணையாலும் அறியப்பட்டது; சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், தலைமுறைகளாக அங்கே உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள். மாட்டுப்பட்டியிலிருந்து மூணாறு 13 கிலோமீட்டர். மூணாற்றிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாக மலையிறங்கித் தேனிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்; கொச்சிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். கொண்டையூசி வளைவுகளும் மழைக்கால மூடுபனியும் கூடிய அந்தச் சாலையில் 100 நிமிடம் என்பது பாதி வழிகூட ஆகாமல் போகலாம். சமவெளி நகரமொன்றில் காலையில் கீழிமை அறுவை முடித்து, அன்று மாலையே மலையேறிவிடும் ஒருவருக்கு, இரத்தக்கசிவுகள் பெரும்பாலும் நேரும் முதல் நாள் முழுவதும் அந்தச் சாலையிலும் அதன் மறுமுனையிலுமே கழியும். மருத்துவப் புள்ளிவிவரத்தில் இல்லாத ஓர் ஆபத்துக் காரணி இது: தூரம்.

இங்கே வேலூரின் பாடம் மீண்டும் துணைக்கு வருகிறது. வலி உடலின் காவலன் என்பது பால் பிராண்ட் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து. வலியிழந்தவர்கள் தம் கையையும் கண்ணையும் தாமறியாமலே இழந்ததை அவர் கண்டிருந்தார். இமை அறுவை செய்துகொண்டவருக்கு அந்தக் காவலன் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் கடுமையாக எழும் வலி, விழி முன்தள்ளி இறுகுதல், பார்வை மங்குதல் ஆகிய மூன்றும் கூடினால், மாத்திரை விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திருப்பது பார்வையை விலையாகக் கேட்கும். அப்போது செய்ய வேண்டிய முதலுதவி அறுவை சிக்கலானதன்று. தையலைத் திறந்து, கடைக்கண் தசைநாணைத் தளர்த்தி, உள்ளழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். படம் எடுப்பதற்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது என்பர். பயிற்சி பெற்ற அவசர மருத்துவர் சில நிமிடங்களில் அதனைச் செய்ய முடியும். ஆகவே மலையூர்களுக்கு உரிய தீர்வு இரண்டு முனைகளில் இருக்கிறது. அறுவை செய்துகொண்டவரை முதல் இரவு மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வது ஒன்று. மலையடிவாரத்து அவசரப் பிரிவுகளில் இச்சிறு அறுவையைக் கற்பித்துவைப்பது மற்றொன்று. வீடு திரும்புவோர் கையில் தரும் தாள் அவர் படிக்கும் மொழியில், தமிழிலோ மலையாளத்திலோ இருப்பது இவற்றோடு சேர்ந்தது.

பிறழ்ந்த கீழிமையைத் திருத்தும் வழிகளும் வரலாற்றின் வட்டத்தை முடித்துவைக்கின்றன. ஆண்டர்சன், கோர்டி இருவரும் 1979-இல் விவரித்த முறை, இமையின் கடைக்கண் ஓரத்தைக் கீற்றாக்கிக் கண்குழி எலும்பின் விளிம்பில் இழுத்துக் கட்டுவது. தோல் குறைந்திருந்தால் வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள். நடுப்படலம் சுருங்கியிருந்தால் தழும்பை விடுவித்து, வாயின் மேலண்ணச் சவ்வு போன்றவற்றைத் தாங்கலாக வைப்பார்கள். வெட்டி எடுத்தல் என்ற பொருளுக்குச் சென்றுவிட்ட பிளெஃபரோபிளாஸ்டி, இந்நோயாளிகளிடம் கிரேஃபே வழங்கிய பொருளுக்கே திரும்புகிறது: இமையை மீட்டுக் கட்டுதல். தோல் மிகுதியாகப் போய்விட்டால் முன்போல் ஆக்குவது மிகக் கடினம் என்ற அளவில் செல்சஸின் எச்சரிக்கை இன்றும் செல்லுபடியாகிறது.

உலக அழகு அறுவையாளர் சங்கத்தின் கணக்குப்படி 2024-இல் உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட அழகு அறுவை இமை அறுவையே; மேலிமை, கீழிமை இரண்டும் சேர்ந்து 21 இலட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேரின் விருப்பத்தை வீண் ஆசை என்று கண்டிப்பதற்கு வேலூரின் வரலாறு இடம் தரவில்லை. முகத்தால் மதிப்பிடப்படும் உலகில் முகத்தைத் திருத்திக்கொள்ள விரும்புவது இயல்பு என்பதைப் புருவம் கேட்டு வந்த தொழுநோயாளிகள் முன்பே உணர்த்திவிட்டனர். அவ்வரலாறு அறுவையாளரிடம் கேட்பது வேறு: இமையை முதலில் உறுப்பாகப் பாருங்கள், பிறகு தோற்றமாகப் பாருங்கள்.

நல்ல அறுவையாளர் கத்தியை எடுப்பதற்கு முன் செய்யும் சோதனைகள் அந்த வரிசையைப் பின்பற்றுகின்றன. கீழிமையைக் கீழே இழுத்துவிட்டு, இமைக்காமலே அது தானாக விழியோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். கண் வறட்சி உண்டா, குருதியை இளக்கும் மருந்து உட்கொள்கிறாரா, குருதியழுத்தம் அடங்கியிருக்கிறதா என்று கேட்கிறார். வாயைத் திறந்து மேலே பார்க்கச் சொல்கிறார். அந்நிலையில் கீழிமைத் தோல் முழுவதும் இழுபட்டிருக்கும், அப்போதும் மிஞ்சுவது மட்டுமே வெட்டத்தக்கது. அதற்கும் முன்பாக, தூங்குவதுபோல் மெல்லக் கண்ணை மூடச் சொல்லி, இரு இமைகளும் சந்திக்கின்றனவா என்று குனிந்து பார்க்கிறார். கரிகிரியில் தொழுநோயாளியின் கண்ணருகே குனிந்த மருத்துவர் பார்த்ததும் அதுவே.